இலக்கம் சரி, இடம் தவறு: ஒரு புதிர்ப் பெட்டித் தேடல்

பின்னணி

ஒரு ஜியோகேஷிங் புதிரை மூன்று பேர் சேர்ந்து விடுவித்தோம். விடை சரியா என்று சொல்லும் சரிபார்ப்பி பச்சை காட்டியது. அதன் பிறகும் பெட்டியிலிருந்து 700 மீட்டர் தள்ளிப் போய் இரண்டரை மணி நேரம் தேடல் நடந்தது. மூவரில் நான் ஒருவன். பிழையில் பெரும்பங்கு என்னுடையது. பெட்டி இன்னும் அங்கேயே இருப்பதால் இலக்கங்களை மாற்றியிருக்கிறேன். பிழை நடந்த விதம் அப்படியே இருக்கிறது. கீழே வரும் தூரங்கள் மாற்றிய இலக்கங்களுக்கு ஏற்பக் கணக்கிட்டவை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, விளையாட்டின் இணையதளத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் போனையோ ஜிபிஎஸ் கருவியையோ வைத்துக்கொண்டு தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, தளத்திலும் பதிவு போடுவார்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் பதிவு செய்வதுதான் வழக்கம்.

இந்த விளையாட்டு பிறந்ததற்கே ஒரு துல்லியக் கணக்குதான் காரணம். 2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் கோஆர்டினேட்டை இணையத்தில் போட்டார். இன்று திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் 5 மீட்டருக்குள் காட்டும். ஆக, அன்று விண்ணிலிருந்து வந்த பிழை 100 மீட்டர். நாங்கள் மூன்று பேர் கையால் சேர்த்த பிழை 700.

பெட்டிகளில் புதிர்ப் பெட்டி என்றொரு வகை உண்டு. வரைபடத்தில் கேள்விக்குறியாகத் தெரியும். தளத்தில் அதற்கான பக்கத்தில் இருக்கும் கோஆர்டினேட் வெறும் ஒப்புக்கு. உண்மையான இடம் புதிருக்குள் இருக்கும். ஒப்புக்குப் போட்ட புள்ளிக்கும் உண்மையான இடத்துக்கும் பொதுவாக 3.2 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. புதிர் விடுவிப்பவர்கள் இந்த இரண்டையும் சல்லடையாகப் பயன்படுத்துவார்கள். எங்கள் நிகழ்வில் இரண்டு சல்லடையும் பிழையை உள்ளே விட்டன. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

யார் யார், என்னென்ன கருவிகள்

மூத்தவர் பல வருடமாக ஆடுபவர். கையில் தனி ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பார், போனை அவ்வளவாக நம்ப மாட்டார். இளையவர் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போனில் சி:ஜியோ என்ற ஜியோகேஷிங் செயலி, கூடவே எல்லோரிடமும் இருக்கும் ஒரு பொது வரைபடச் செயலி. நான் வெளியே போவது குறைவு. வீட்டில் உட்கார்ந்து புதிரை உடைப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. போனில் புதிர் உடைக்க உதவும் ஜிசி விஸார்ட் செயலி, கணினியில் இரண்டு மூன்று மறைகுறி உடைக்கும் தளங்கள், படங்களின் உள்விவரத்தைக் காட்டும் ஒரு நிரல்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டது எங்களுக்கு ரொம்ப நாளாகவே சரியாக ஓடியது. நான் உடைப்பேன், அவர்கள் போய் எடுப்பார்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு நான் அனுப்பியது இணைப்பாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ இருந்ததால், இந்த முறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

புதிர்

பெட்டியின் தளப் பக்கத்தில் ஒரு கதவின் புகைப்படம். கீழே இடைவெளி இல்லாமல் 38 ஆங்கில எழுத்துகள். கடினம் 3, நிலப்பரப்பு 1.5 என்று போட்டிருந்தது. (இரண்டுமே 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 1.5 என்றால் அதைவிடக் கொஞ்சம்தான் சிரமம். இது பின்னால் தேவைப்படும்.)

மூத்தவர் அந்தப் படத்தையும் எழுத்துகளையும் மெசேஜில் எனக்கு அனுப்பினார். முதலில், எல்லா எழுத்தையும் ஒரே அளவில் நகர்த்தும் சீசர் முறையில் 25 நகர்த்தல்களையும் பார்த்தேன். ஒன்றும் படிக்கும்படி வரவில்லை. எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினால் எல்லாம் ஏறக்குறைய சமமாக இருந்தது. சாதாரண ஆங்கில உரையில் அப்படி இருக்காது. சில எழுத்து நிறைய வரும், சில வரவே வராது. சமமாகப் பரவியிருந்தால் விஜினேர் மாதிரி, ஒரு திறவுச்சொல்லை வைத்து ஒவ்வொரு எழுத்தையும் வேறு வேறு அளவில் நகர்த்தும் முறையாக இருக்கலாம்.

விஜினேரைத் திறவுச்சொல் இல்லாமலே உடைக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒட்டிப் பார்த்தேன். வரிசையாக இருபது விடை கொடுத்தன, இருபதும் குப்பை. காரணம் எளிது: திறவுச்சொல் ஏழு எழுத்து என்றால், 38 எழுத்தை ஏழு வரிசையாகப் பிரிக்கும்போது ஒரு வரிசைக்கு ஐந்தாறு எழுத்துதான் மிஞ்சும். ஐந்து எழுத்தை வைத்துப் புள்ளியியல் என்ன செய்யும்? விடையில் எண்களின் ஆங்கிலப் பெயர்கள்தான் இருக்கும் என்று ஊகித்து, மூன்று, ஏழு, எட்டு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொரு இடமாகப் பொருத்திப் பார்த்திருந்தால் திறவுச்சொல்லைக் கையாலேயே பிடித்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்து படம். எக்ஸிஃப் எனப்படும் உள்விவரத்தைத் திறந்தேன்: காலி. தேதிகூட இல்லை. சரி, படத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி, கதவின் நிறம், தாழ்ப்பாள், எண் பலகை என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் திறவுச்சொல்லாகப் போட்டு இரண்டு மாலைகளைக் கழித்தேன்.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. என்னிடம் இருந்தது மெசேஜில் வந்த படம். மெசேஜ் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது உள்விவரத்தையும் உதிர்த்துவிடும். தளத்துக்கே போய் மூலப் படத்தை இறக்கித் திறந்தால், குறிப்புப் பகுதியில் ஒரே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. அதைத் திறவுச்சொல்லாகப் போட்டதும் 38 எழுத்தும் பத்து எண்ணுப் பெயர்களாக அவிழ்ந்தன: 3, 4, 5, 1, 2, 1, 7, 2, 8, 6.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது பொருள் உதிரும் என்பதை இந்தப் படம் எனக்கு இரண்டு நாள் செலவில் காட்டியிருந்தது. நான் அதைப் படங்களைப் பற்றிய பாடமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பச்சை விளக்கு

ஜியோகேஷிங்கில் கோஆர்டினேட்டை எழுதும் வழக்கம், டிகிரிக்குப் பிறகு நிமிடம், நிமிடத்திலேயே மூன்று தசம இலக்கம். விநாடி கிடையாது. (இவை நேரம் அல்ல, கோண அளவுகள்: ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி.) டிகிரியை ஒப்புப் புள்ளியிலிருந்தே எடுத்துக்கொண்டால் வடக்கு 34.512 நிமிடம், கிழக்கு 17.286 நிமிடம். தளத்தில் இருந்த சரிபார்ப்பியில் அந்தந்தக் கட்டத்தில் போட்டேன். பச்சை.

பிறகு இரண்டு சல்லடை. ஒப்புப் புள்ளியிலிருந்து தூரம் 1.6 கிலோமீட்டர், விதிக்குள் இருக்கிறது. பக்கத்தில் வேறு பெட்டி இல்லை. என் கணக்கில், திருத்திய கோஆர்டினேட் என்ற இடத்தில் சேமித்துவைத்தேன். அப்படிச் சேமிப்பது அவரவர் கணக்குக்கு மட்டும்தான். என் திரையில் புள்ளி இடம் மாறியது, மற்ற இருவரின் திரையிலும் கேள்விக்குறி பழைய இடத்திலேயே நின்றது. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு நான் இளையவருக்கு அனுப்பிய மெசேஜ் இதுதான்:

“முடிஞ்சுது. 34512 17286. செக்கர் பச்சை.”

புள்ளி இல்லை, நிமிடம் என்ற சொல் இல்லை, தூரம் இல்லை. எனக்கு அது தெளிவாகத்தான் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால்தானே சரியான கட்டங்களில் போட்டுப் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை காலை

இளையவர் கிளம்பும் முன் இலக்கங்களைப் பொது வரைபடச் செயலியில் போடப் பார்த்தார். எந்த வடிவத்தில் போடுவது என்று தெரியாததால் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்: வரைபடத்தில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து, செயலி கோஆர்டினேட்டை எப்படிக் காட்டுகிறது என்று பார்த்தார். அது டிகிரி, நிமிடம், விநாடி, விநாடிக்கு ஒரு தசமம் என்று காட்டியது. அதாவது டிகிரிக்குப் பிறகு இரண்டு இலக்கம், இரண்டு இலக்கம், புள்ளி, ஒரு இலக்கம். கையில் இருந்ததும் ஐந்து இலக்கம். 34, 51, புள்ளி 2. கச்சிதமாகப் பொருந்தியது. 17, 28, புள்ளி 6. அதுவும் பொருந்தியது.

34.512 நிமிடம் என்பது 34 நிமிடம் 30.7 விநாடி. அவர் போட்டது 34 நிமிடம் 51.2 விநாடி. வித்தியாசம் 0.341 நிமிடம், வடக்கே 632 மீட்டர். கிழக்கே 300 மீட்டர் சொச்சம். குறுக்கே அளந்தால் ஏறத்தாழ 700.

இந்தப் பிழையின் குணத்தைப் பிறகு உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான் இது எவ்வளவு நயமாக ஒளிந்துகொள்ளும் என்று புரிந்தது. விநாடி 60-ஐத் தொடாது. ஆகவே கடைசி மூன்று இலக்கம் 600-ஐத் தாண்டியிருந்தால் செயலி ஏற்காது, அல்லது பார்ப்பவருக்கே உறுத்தும். எங்கள் 512-உம் 286-உம் இரண்டுமே 600-க்குக் கீழே. அப்படி இரண்டும் அமைய 100-க்கு 36 வாய்ப்பு. அபூர்வம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, எவ்வளவு மோசமாகப் போனாலும் ஒரு திசையில் விலகல் 740 மீட்டரைத் தாண்டாது. எனவே 3.2 கிலோமீட்டர் விதி இதைப் பிடிப்பது அரிது. தசம டிகிரி என்று நினைத்து 0.34512 எனப் போட்டிருந்தால் புள்ளி 25 கிலோமீட்டர் ஓடியிருக்கும், இளையவர் உடனே போனில் கூப்பிட்டிருப்பார். பெரிய பிழை தானே கத்தும். இது கத்தாத அளவுப் பிழை.

இளையவர் விதிகளைச் சரிபார்க்காமல் இல்லை. தூரம் 2.1 கிலோமீட்டர், சரி. அருகில் வேறு பெட்டி 240 மீட்டரில், சரி. நான் செய்த அதே இரண்டு சோதனையை வேறொரு புள்ளிக்குச் செய்து, அதே இரண்டு பதிலைப் பெற்றிருக்கிறார். என் 1.6-ஐயும் அவருடைய 2.1-ஐயும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் என்னுடையதை நான் சொல்லவே இல்லை.

களத்தில் கண்டது

புள்ளி காட்டிய இடம், தண்ணீர் ஓடாத ஒரு கால்வாயின் கரை. பாதையிலிருந்து கல் அடுக்கிய சரிவில் கையூன்றி இறங்க வேண்டும். கீழே துருப்பிடித்த ஒரு இரும்பு மதகு, அதன் திருகுத் தண்டு, இரண்டு பக்கமும் குழாய்க் கைப்பிடி.

தளப் பக்கத்தில் இருந்த ஆங்கிலக் குறிப்பு, ராட்13 என்ற எழுத்து நகர்த்தும் முறையில் மறைத்திருந்தது. செயலியே ஒரு தட்டில் அவிழ்த்துக் காட்டிவிடும்: “காந்தம். கணுக்கால் உயரம்.” (சொல்ல மறந்தேன், இந்த முறை 26 ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் பதின்மூன்று இடம் நகர்த்தும். குறிப்பைத் தமிழில் எழுதினால் மறையாமல் அப்படியே தெரியும். தமிழில் பெட்டிப் பக்கம் எழுத நினைப்பவர்கள் கவனிக்கவும்.)

காந்தம் என்றதும் இருவருக்கும் மதகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. சுற்றிலும் ஒரே இரும்பு அதுதான். மூத்தவர் கைப்பிடிக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். இளையவர் மதகின் பல்சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலந்தி வலை, காய்ந்த சேறு, ஒரு பழைய பூட்டு. பூட்டு கிடைத்தபோது பெட்டியே கிடைத்துவிட்ட மாதிரி ஒரு கணம்.

ஒரு மணி நேரம் கழித்து, போன் சொல்வது சரியா என்று பார்க்க மூத்தவர் தன் கருவியை எடுத்தார். அங்கேதான் ஒரு வாய்ப்பு வந்து நழுவியது. அவர் என் மெசேஜில் இருந்த இலக்கங்களைக் கருவியில் தட்டவில்லை. இளையவரின் போன் “வந்து சேர்ந்தீர்கள்” என்று காட்டிய இடத்தில் நின்று, நின்ற இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றித் தேடினார். இரண்டு கருவியும் ஒரே இடத்தைக் காட்டின. காட்டாமல் எப்படி இருக்கும்? ஒன்றிலிருந்து எடுத்ததுதானே மற்றது. ஆனால் அந்தக் கருவி நிமிடத்தைத் தசமத்தில் காட்டும் வகை. அதன் திரையில் 34.851 என்று நின்றது. போனில் என் மெசேஜில் 34512. இரண்டு திரையும் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கைகளில் இருந்தன.

நிலப்பரப்பு 1.5 என்பதையும் இருவரும் கவனித்தார்கள். சரிவில் இறங்கும்போது மூத்தவர், “இது ஒன்றரையா தம்பி? இரண்டரைக்குக் குறையாது” என்றிருக்கிறார். “வச்சவர் மேல இருந்தே கை நீட்டி வச்சிருப்பாரு அண்ணா” என்று இவர் சொல்ல, அதோடு அது முடிந்தது. புள்ளிக்கு எதிரான சாட்சி, பெட்டி வைத்தவரின் மதிப்பீட்டுக் குறையாக மாறிவிட்டது. சரிபார்ப்பி பச்சை காட்டியது என்ற ஒரு செய்தி இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் புள்ளியைச் சந்தேகித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பச்சை விளக்கு கிடைத்தது என் திரையில் இருந்த இலக்கங்களுக்கு. அது அவர்கள் நின்ற இடத்துக்கும் சேர்த்தே கிடைத்ததாக மூவரும் எடுத்துக்கொண்டோம்.

கடைசி அரை மணி நேரத்தில் கரையோரக் கற்களில் மூன்றை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். திரும்ப வைத்தபோது ஒன்று சரியாக உட்காரவில்லை. செய்யக் கூடாத காரியம். குறிப்பில் கல் என்ற பேச்சே இல்லை.

எடுத்த முடிவுகள்

மதியம் எனக்குப் போன் வந்தது. மூன்று முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, இளையவர் கேட்டது. பெட்டி காணாமல் போயிருக்கும், கடைசியாக எடுத்தவர் பதிவு போட்டே ஐந்து மாதம் ஆகிறது, பையில் ஒரு சின்ன டப்பாவும் தாளும் இருக்கிறது, வைத்தவருக்கு உதவியாகப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடலாமா? மூத்தவர் மறுத்தார். “இருந்த இடம் தெரிஞ்சாத்தானே அது இல்லைன்னு சொல்ல முடியும்?” உரிமையாளரைக் கேட்காமல் இப்படி மாற்றுப் பெட்டி போடுவது இந்த வட்டாரத்தில் பொதுவாகவே மதிக்கப்படுவதில்லை. வைத்திருந்தால் சம்பந்தமில்லாத ஒரு மதகில் ஒரு டப்பாவும், சரியான இடத்தில் உண்மையான பெட்டியும், கணக்கில் பொய்யாக இரண்டு கண்டெடுப்பும் இருந்திருக்கும். பிழை வெளியே வந்தே இருக்காது. அன்று நாங்கள் சரியாகச் செய்த ஒன்று இதுதான்.

இரண்டாவது, கிடைக்கவில்லை என்று இருவரும் தனித்தனியாகப் பதிவு போட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் “இரண்டு கருவிகளால் உறுதி செய்தோம், அநேகமாகப் பெட்டி போய்விட்டது” என்று மூத்தவர் சேர்த்து எழுதினார். கண்டதைத் தாண்டி ஒரு வரி கூடுதல்.

மூன்றாவது என்னுடையது. விடையைத் திரும்பப் பார்க்கட்டுமா என்று நானே கேட்டேன். பத்து நிமிடத்தில் புதிரை மறுபடி அவிழ்த்தேன். அதே பத்து இலக்கம். சரிபார்ப்பி மறுபடி பச்சை. “என் பக்கம் சரி” என்று சொல்லிவிட்டேன். இதைவிடப் பயனில்லாத சோதனை இருக்க முடியாது. சரியாக இருந்த பகுதியை இரண்டாம் முறை சோதித்துவிட்டு, சோதிக்காத பகுதிக்கும் சான்றிதழ் கொடுத்தேன். அந்த நேரத்தில் “நீங்கள் நிற்கும் புள்ளியை எனக்கு அனுப்புங்கள்” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று மாலையே பெட்டி கிடைத்திருக்கும்.

பிறகு நடந்தது

இரண்டு பதிவுகளையும் பார்த்த உரிமையாளர் செவ்வாய்க்கிழமை நேரில் போய்ப் பார்த்தார். பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பராமரிப்புப் பதிவு ஒன்று போட்டார், கோபம் எதுவும் காட்டவில்லை. மூத்தவருக்குத் தனிச் செய்தியில், எந்தப் புள்ளியில் தேடினீர்கள் என்று கேட்டார். (புதிரின் விடையைப் பொதுப் பதிவில் எழுதக் கூடாது என்பதால் தனிச் செய்தி.) மூத்தவர் தன் கருவியில் குறித்திருந்ததை அப்படியே அனுப்பினார். வந்த பதில் இரண்டு வரி: “இலக்கங்கள் சரி, இடம் தவறு. நிமிடத்தை விநாடியாகப் படித்திருக்கிறீர்கள்.” எங்களுக்கு மூன்று நாளாகத் தெரியாதது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. இதே தவறைச் செய்த ஆட்களை ஏற்கெனவே பார்த்திருப்பார் போல.

அவருடைய அந்தப் பயணத்துக்கு நாங்கள்தான் காரணம். மூத்தவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதிவிலிருந்து “பெட்டி போய்விட்டது” என்ற வரியை நீக்கினார். கிடைக்கவில்லை என்ற பதிவுகளை அழிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அன்று கிடைக்கவில்லை என்பது உண்மைதானே.

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். இந்த முறை ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் திருத்திய கோஆர்டினேட்டைச் சேமித்து, அவரவர் செயலியில் பார்த்துக்கொண்டோம். இளையவர் சி:ஜியோவில் நிமிடத்துக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கும் கட்டங்களைக் காட்டி, “முதல் நாளே இதுல போட்டிருந்தா மாறியே இருக்காது” என்றார். இலக்கங்களை அங்கேயே போடலாம் என்பது அவருக்கு முன்பு தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

சமதரைப் பாதை, ஓரத்தில் ஒரு இரும்பு பெஞ்சு. மரங்களுக்கு அடியில் என் போன் ஆறேழு மீட்டர் தள்ளித்தான் காட்டியது, ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இரும்பு என்று இருந்தது அந்த பெஞ்சு மட்டும்தான். காலின் உள்பக்கம், கணுக்கால் உயரத்தில், கட்டைவிரல் அளவு டப்பா ஒன்று காந்தத்தால் ஒட்டியிருந்தது. கருப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை, விரல்தான் கண்டுபிடித்தது. உள்ளே சுருட்டிய தாளில் ஐந்து மாதத்துக்கு முந்தைய பெயருக்குக் கீழே மூன்று பெயர். பத்து நிமிட வேலை. திரும்பும் வழியில் கால்வாய்க்குப் போய் அந்த ஒரு கல்லைச் சரியாக உட்கார வைத்துவிட்டு வந்தோம்.

இனி எப்படி

வடிவத்தோடு எழுதுவது என்பது வெளிப்படை. “வடக்கு 34.512 நிமிடம்” என்று முழுசாக. இலக்கங்களைத் தட்டச்சு செய்வதையே தவிர்த்து, புள்ளியைச் செயலியிலிருந்து பகிர்வதோ ஜிபிஎக்ஸ் கோப்பாக (செயலிகள் நேரடியாகப் படிக்கும் புள்ளிக் கோப்பு) அனுப்புவதோ அதைவிட நல்லது. ஆனால் இவை இரண்டும் அனுப்புகிறவரின் ஒழுங்கை நம்பி இருப்பவை. இரவு பதினொன்றரைக்கு அந்த ஒழுங்கு எனக்கு இருக்காது என்று இப்போது தெரியும்.

எனவே நாங்கள் உண்மையில் கடைப்பிடிப்பது வேறொன்று. இலக்கங்களோடு, ஒப்புப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதையும் சேர்த்து அனுப்புகிறோம்: “1.6 கி.மீ., வடகிழக்கு, பாதையோரம்.” பெறுகிறவர் தன் செயலியில் போட்டதும் தன் தூரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கிளம்பக் கூடாது. வடிவம் எதுவாக மாறினாலும் தூரம் காட்டிக்கொடுத்துவிடும். அன்று இது இருந்திருந்தால் 1.6-க்கும் 2.1-க்கும் இடையே இருந்த அரை கிலோமீட்டர் காலை எட்டு மணிக்கே கத்தியிருக்கும். பத்து விநாடி ஆகிற வேலை.

களத்தில் அரை மணி நேரம் தேடியும் இல்லை என்றால் தேடலை நிறுத்திவிட்டு, நிற்கும் புள்ளியை உடைத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது ஏற்பாடு. கருவியை ஒப்பிடுவதாக இருந்தால் மூல இலக்கத்தைப் புதிதாகத் தட்ட வேண்டும். போனிலிருந்து நகல் எடுத்துவிட்டு ஒப்பிட்டதாகச் சொல்லக் கூடாது. நிலப்பரப்பு எண்ணும் இடமும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் புள்ளியைச் சந்தேகிக்க வேண்டும், வைத்தவரை அப்புறம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. ஒருவர் உடைத்து இன்னொருவர் எடுக்கும் இந்தப் பங்கீடே தப்பு, களத்துக்குப் போகிறவர் புதிரின் கடைசிப் படியையாவது தானே செய்து, தன் கையாலேயே சரிபார்ப்பியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் மூத்தவர். அப்படிச் செய்திருந்தால் இளையவர் அந்தக் கட்டங்களைப் பார்த்திருப்பார், விநாடி என்ற எண்ணமே வந்திருக்காது என்பது அவர் வாதம். எனக்கு அது மூன்று பேருக்கு மூன்று மடங்கு வேலை என்று படுகிறது. இளையவர் இப்போதைக்கு இரண்டையும் செய்கிறார். போன வாரம் நான் அனுப்பிய விடையைத் தானே ஒருமுறை சரிபார்ப்பியில் போட்டுவிட்டு, “பச்சை, 2.4 கி.மீ., தெற்கு. உங்களுக்கு?” என்று எழுதியிருந்தார். எனக்கு 2.4, தெற்கு.